ஒரே கதிர், கலத்துக்கொரு விதி
(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



பேச வருபவர் தமக்குத் தகுதியில்லை என்று தொடங்குவது மேடைச் சம்பிரதாயம். என் வாயில் அது சம்பிரதாயம் அன்று, உண்மை. நான் பல்கலைக்கழகத்திலே விஞ்ஞானம் பயிலும் மாணவன், வைத்தியன் அல்லன். மிஷன் பாடசாலையிலே படித்தவனாதலால் இம்மேடைக்கு ஏற்ற தமிழும் எனக்குக் குறைவு. "விஞ்ஞானத்தில் ஏதாவது பேசும், ஆனால் முன்வரிசைக்கும் விளங்க வேண்டும், பின்வரிசைக்கும் விளங்க வேண்டும்" என்று செயலாளர் அவர்கள் கட்டளையிட்டார்கள். ஆகவே புத்தகத்திலே ஒரு பொருளைத் தேடாமல், எங்கள் வீட்டு விறாந்தையிலே என்னிடம் கேட்கப்பட்ட ஒரு கேள்வியையே பொருளாக எடுத்துக்கொண்டேன்.

கேட்டவர் என் மாமி, தந்தையாரின் தமக்கையார். அவருடைய கன்னத்தின் உட்புறத்திலே தோன்றிய ஒரு புண் புற்றுநோய் என்று கண்டறியப்பட்டுச் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. அதன்பின் முப்பது நாட் கதிர்ச் சிகிச்சை வேண்டும் என்றார்கள். எங்கள் ஊரவர் இதனைக் "கறண்ட் பிடித்தல்" என்பார்கள். நோயாளியின் உடம்பிலே மின்சாரம் பாய்ச்சப்படுவதே இல்லை. ஆயினும் பெயர் நிலைத்துவிட்டது. மூன்றாவது வாரத்திலே மாமியின் வாய் முழுவதும் வெந்தாற்போல் ஆயிற்று. கஞ்சியும் இறங்கவில்லை. உப்பும் புளியும் நாவுக்குத் தெரியவில்லை. அயல் வீட்டார் தம் பிள்ளைகளை எங்கள் வளவுக்கு அனுப்பாமல் நிறுத்திக்கொண்டார்கள்; கதிர் அவர்களையும் தொற்றும் என்பது அவர்கள் அச்சம். பதினான்காம் நாள் மாலை மாமி என்னை அழைத்து, "தம்பி, உந்தக் கறண்ட் கட்டியைத்தானே கொல்லவேணும்? என்ரை நல்ல வாயை ஏன் கொல்லுது? எல்லாம் ஒரே சதைதானே? நாளையிலிருந்து நான் போகேல்லை" என்றார்.

எழுத்தறிவு அதிகம் இல்லாத என் மாமி கேட்ட அந்தக் கேள்வி, நூறு ஆண்டுகளுக்கு மேலாக விஞ்ஞானிகள் கேட்டுவரும் கேள்வி. ஒரே கதிர், ஒரே அளவு, ஒரே உடம்பு. ஒரு கலம் இறக்கிறது. அதன் அயற்கலம் பிழைக்கிறது. ஏன்?

அயல் வீட்டாரின் அச்சத்தை முதலிலே தீர்த்துவிடுகிறேன். வெளியே நின்று இயந்திரம் செலுத்தும் கதிர், விளக்கின் ஒளி போன்றது. விளக்கை அணைத்தபின் சுவரிலே ஒளி ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. அப்படியே அந்த அறையை விட்டு வெளியே வரும் நோயாளியின் உடம்பிலும் கதிர் தங்கியிருப்பதில்லை. அவர் மடியிலே குழந்தையை வைத்திருக்கலாம். உடம்பினுள்ளே கதிர் மருந்து வைக்கும் வேறு சில சிகிச்சைகளுக்கே தனிக் கட்டுப்பாடுகள் உண்டு.

எக்ஸ்-கதிரை 1895ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே ஜேர்மனியில் றொன்ட்ஜென் கண்டார். அடுத்த ஆண்டிலே பெக்கரெல் யுரேனியத்தின் கதிர்வீச்சைக் கண்டார். 1898இலே கியூரி தம்பதிகள் றேடியத்தைக் கண்டனர். கண்டறிந்தவர்களே அதன் சூட்டையும் முதலில் உணர்ந்தார்கள். 1901இலே பெக்கரெல் சட்டைப்பையில் வைத்துத் திரிந்த சிறு றேடியக் குழாய் அவர் தோலைப் புண்ணாக்கியது. இன்று கதிரின் அளவைக் "கிறே" என்னும் அலகாற் கூறுகிறார்கள். இலண்டனில் ஆராய்ந்த லூயிஸ் ஹரல்ட் கிறே என்பவரின் பெயர் அது. ஒரு கிலோகிராம் சதை ஒரு யூல் சத்தியை ஏற்றுக்கொண்டால் அது ஒரு கிறே. நெஞ்சுப் படம் எடுக்கும்போது நாம் பெறுவது இதன் பத்தாயிரத்திலொரு பங்களவே.

இங்கே ஒரு வியப்பு. உடம்பு முழுவதும் ஒரே தடவையில் 4 கிறே அளவு கதிர் பட்டு, வைத்திய உதவியும் கிடையாவிட்டால், ஏறத்தாழப் பாதிப்பேர் இரண்டு மாதத்துக்குள் இறப்பார்கள். ஆனால் 70 கிலோகிராம் எடையுள்ள ஒருவரின் உடம்பிலே அது விடும் சத்தி 280 யூல் மாத்திரமே. ஒரு தேக்கரண்டி சூடான தேநீரை விழுங்கினால் அதனாற் கிடைக்கும் வெப்பமும் ஏறக்குறைய அவ்வளவே. உடம்பின் சூடு ஒரு பாகையில் ஏறத்தாழ ஆயிரத்திலொரு பங்களவே ஏறும். எனவே கதிர் கொல்வது சூட்டினால் அன்று. தேநீரின் வெப்பம் எல்லா மூலக்கூறுக்கும் சிறிது சிறிதாகப் பகிரப்படுகிறது. கதிரோ தன் சத்தியைச் சிறு சிறு பொட்டலங்களாக, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கொட்டுகிறது. கொட்டிய இடத்திலே அணுவிலிருந்து இலத்திரன் பிடுங்கப்பட்டு அயன் உண்டாகிறது. அதனாற்றான் அயனாக்கும் கதிர் என்று பெயர்.

கலத்திலே எந்த இடத்தில் கொட்டினால் ஆபத்து? 1970இலே மன்றோ என்பவர், பொலோனியம் பூசிய மிக நுண்ணிய ஊசியினாலே கலத்தின் வெவ்வேறு பகுதிகளுக்குக் கதிர் ஊட்டிப் பார்த்தார். கருவுக்கு வெளியேயுள்ள பகுதிக்கு எவ்வளவோ ஊட்டியும் கலம் சாகவில்லை. கருவைச் சிறிது தொட்டதும் செத்தது. கருவினுள்ளே இருப்பது டி.என்.ஏ. என்னும் பரம்பரை இழை. ஒரு மனிதக் கலத்தில் உள்ளதை நீட்டினால் ஏறத்தாழ இரண்டு மீற்றர் வரும். கதிர் அந்த இழையையே நேராகத் தாக்கலாம். அல்லது, கலத்தின் பெரும்பகுதி நீராதலால், நீர் மூலக்கூற்றை உடைத்து ஐதரொட்சில் மூலிகம் என்னும் மிகத் துடுக்கான துண்டை உண்டாக்க, அது போய் இழையைக் கடிக்கலாம். எக்ஸ்-கதிரைப் பொறுத்தவரை பின்னதே பெரும்பங்கு.

இழை இருபுரிக் கயிறு போன்றது. ஒரு கிறே பட்டால் ஒவ்வொரு கலத்திலும் ஒரு புரி மட்டும் அறுந்த இடங்கள் ஏறத்தாழ 1,000 உண்டாகும். இரு புரியும் ஒரே இடத்தில் அறுந்தவை 20 முதல் 40 வரை. முதல் வகையைக் கலம் பொருட்படுத்துவதில்லை. மற்றப் புரி அருகிலே இருக்கிறது. அதைப் பார்த்து இதை எழுதிவிடுகிறது. ஆபத்து இரண்டாம் வகையிலேதான். இரு முனைகளும் தனித்தனியே அலையும். தவறான முனைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் நிறமூர்த்தங்கள் உருக்குலையும். கலம் பிரிய முற்படும்போது மாளும். கதிர் பட்ட கலம் பெரும்பாலும் உடனே சாவதில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். உண்ணும், சுவாசிக்கும், வேலை செய்யும். பிரியப் போகும்போதுதான் விழும்.

இனிக் கேள்விக்கு வருவோம். முதற் காரணம் வெறும் தற்செயல். கூரையிலே நூறு ஓடுகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். மழை தொடங்குகிறது, சரியாக நூறு துளிகள் விழுந்ததும் நின்றுவிடுகிறது. ஓட்டுக்கொரு துளி என்று கணக்கானாலும் ஒவ்வோர் ஓட்டிலும் ஒவ்வொரு துளி விழுந்திராது. சிலவற்றில் இரண்டு, சிலவற்றில் மூன்று. ஏறத்தாழ 37 ஓடுகள் நனையாமலே இருக்கும். அந்த 37 ஓடும் மற்றவற்றிலும் உறுதியானவை அல்ல. அவற்றுக்கு அதிர்ஷ்டம், அவ்வளவே. ஒரு பரிசோதனைக் கிண்ணத்திலுள்ள கலங்களுக்குச் சராசரி ஒரு மரண அடி விழும் அளவுக்குக் கதிர் ஊட்டினாலும் 37 வீதம் பிழைக்கும்.

மனிதக் கலத்தில் இதை முதன்முதலாக அளந்து காட்டியவர்கள் அமெரிக்காவில் டென்வர் நகரத்திலே ஆராய்ந்த பக், மார்க்கஸ் என்னும் இருவர், ஆண்டு 1956. தனித்தனிக் கலங்களைக் கண்ணாடித் தட்டிலே விதைத்துக் கதிர் ஊட்டி, இரண்டு வாரமளவிலே எத்தனை கலங்கள் குடியாகப் பெருகியிருக்கின்றன என்று எண்ணினார்கள். நாற்றுமேடையில் முளைத்ததை எண்ணுவது போலத்தான். அவர்கள் பயன்படுத்திய கலங்கள் 1951இலே புற்றுநோயால் இறந்த ஹென்றியெற்றா லாக்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணியின் கட்டியிலிருந்து எடுத்தவை. அவரிடம் அனுமதி கேட்கவில்லை. அவர் பெயரும் நெடுங்காலம் வெளிவரவில்லை. அக்கலங்களின் பெயரை மாத்திரம் உலகம் முழுவதும் உள்ள ஆய்வுசாலைகள் உச்சரித்தன. எங்கள் பாடப்புத்தகத்திலே கிடைக்காத இச்செய்தியை நான் பிற்பாடே அறிந்தேன். மாமி படுத்த கட்டிலுக்கும் அந்தப் பெண்மணிக்கும் ஒரு கடன் உண்டு என்பதால் இங்கே சொல்லி வைக்கிறேன்.

தற்செயல் ஒன்றே காரணமானால் மாமியின் வாயும் எலும்பும் நரம்பும் ஒரே மாதிரி நொந்திருக்க வேண்டும். அப்படி இல்லை. 1906இலே பிரான்சின் போர்தோ நகரத்திலே பேர்கோனியே, திறிபொந்தோ என்னும் இரு வைத்தியர்கள் எலியின் விதைகளுக்குக் கதிர் ஊட்டிப் பார்த்தார்கள். விந்தை உண்டாக்கும், ஓயாமற் பிரியும் கலங்கள் மாண்டன. அவற்றுக்கு இடையிலே பிரியாமல் இருந்த கலங்கள் தப்பின. இதிலிருந்து ஒரு விதி கூறினார்கள்: எந்தக் கலம் அடிக்கடி பிரிகிறதோ, எதற்கு இன்னும் பலமுறை பிரிய வேண்டிய எதிர்காலம் இருக்கிறதோ, எது இன்னும் தனித் தொழிலுக்கென்று முற்றி விசேடமடையவில்லையோ, அதுவே கதிருக்கு எளிதில் இரையாகும்.

மாமியின் வாய் ஏன் வெந்தது என்பதற்கு விடை இதிலேயே பாதி இருக்கிறது. வாயின் உட்தோல் ஓரிரு வாரத்திலே தன்னை முழுதும் புதுப்பித்துக்கொள்வது. மேலே உள்ள கலங்கள் தேய்ந்து உதிர, அடியிலுள்ளவை பிரிந்து அவ்விடத்தை நிரப்புகின்றன. கதிர் மேற்கலங்களைத் தொடுவதில்லை. அடியிலுள்ள நாற்றைத் தடுக்கிறது. பழைய பயிர் உதிரும்வரை ஒன்றும் தெரியாது. இரண்டு வாரம் கழிந்ததும் வெறும் நிலம் தெரிகிறது. முதல் வாரத்திலே "ஒண்டும் செய்யேல்லை" என்று மாமி சிரித்ததும் மூன்றாம் வாரத்திலே அழுததும் இதனாலேதான். அதே கதிர் ஊடறுத்துச் சென்ற தசையும் நரம்பும் அந்நேரம் முறையிடவில்லை. அக்கலங்கள் பிரியும் வேலையை எப்போதோ முடித்தவை. தலைமயிர் கொட்டவில்லையே, அப்படியானால் சிகிச்சை பலிக்கவில்லையோ என்று ஒரு கிழவி ஐயம் கிளப்பினார். கதிர் பட்ட இடத்து மயிரே கொட்டும். மாமிக்குக் கன்னத்திலும் கழுத்திலும் மட்டுமே கதிர் பட்டது.

புற்றுநோய்க் கட்டியும் அப்படிப் பிரிகின்ற கலங்களின் கூட்டந்தானே? ஆம். ஆனால் அக்கூட்டத்திலும் எல்லாம் ஒரே நிலையில் இல்லை. பாடசாலை ஆய்வுகூடத்திலே வெங்காய வேரின் நுனியை நசுக்கி நுணுக்குக்காட்டியிலே பார்த்த தம்பிமார் இங்கே இருப்பார்கள். ஒரே வேர், ஆயினும் ஒரு கலம் பிரிந்துகொண்டிருக்கும், மற்றொன்று ஓய்ந்திருக்கும். பிரிவுக்கும் பிரிவுக்கும் இடையிலே டி.என்.ஏ. இரட்டிக்கும் ஒரு தனிப் பருவம் உண்டு என்று 1950களின் தொடக்கத்தில் ஹோவர்ட், பெல்க் இருவரும் அவரைக் குடும்பத்துச் செடியொன்றின் வேரிலே காட்டினார்கள்.

1961இலே தெராசிமா, தொல்மாக் என்பவர்கள் ஒரு நயமான தந்திரம் செய்தார்கள். பிரியும் தறுவாயிலுள்ள கலம் உருண்டு திரண்டு, கண்ணாடியிலே தளர்வாகவே ஒட்டியிருக்கும். தட்டை மெல்லக் குலுக்கினால் அவை மட்டும் உதிரும். இப்படி ஒரே வயதுக் கலங்களைத் திரட்டி, மணிக்கு மணி வெவ்வேறு கூட்டத்துக்குக் கதிர் ஊட்டிப் பார்த்தார்கள். ஒரே குலம், ஒரே கிண்ணம். வேறுபாடு கடிகாரத்தில் மட்டுமே. பிரிந்துகொண்டிருக்கும்போதும் அதற்குச் சற்று முன்னும் கதிர் பட்டவை பெருவாரியாக மாண்டன. டி.என்.ஏ. இரட்டித்து முடியும் பருவத்திலே பட்டவை அதிகம் பிழைத்தன.

ஏன் அப்படி? இரட்டித்த கலத்தில் ஒவ்வொரு இழைக்கும் அச்சொட்டான ஒரு சோடி அருகிலே கிடக்கிறது. இரு புரியும் அறுந்தாலும் சோடியைப் பார்த்துப் பிழையின்றித் திருத்தலாம். உறுதியின் ஒரு பிரதி அழிந்தால் மறுபிரதி கந்தோரிலே இருப்பது போல. சோடி இல்லாத பருவத்திலே அறுந்த முனைகளைக் கிடைத்தவாறு ஒட்டுவதே வழி; பிழைகள் நேரும். பிரியும் வேளையிலோ நிறமூர்த்தங்கள் இறுகச் சுருண்டிருக்கும். திருத்துவதற்குக் கையும் நுழையாது, காலமும் கிடையாது.

ஒட்சிசனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அறுந்த முனையிலே ஒட்சிசன் வந்து சேர்ந்தால் காயம் நிலைத்துவிடுகிறது. இல்லாவிட்டால் அது தானாகவே பழைய நிலைக்குத் திரும்ப வாய்ப்புண்டு. ஒட்சிசன் அற்ற கலத்தைக் கொல்ல ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று மடங்கு எக்ஸ்-கதிர் வேண்டும். 1955இலே தொம்லின்சனும், முன்பு பெயர் கூறிய கிறேயும், சுவாசப்பைப் புற்றுக் கட்டிகளின் மெல்லிய சீவல்களை ஆராய்ந்தார்கள். இரத்தம் ஓடும் இடத்திலிருந்து ஒரு மில்லிமீற்றரில் ஐந்திலொரு பங்குக்கும் சற்றுக் குறைந்த தூரத்துக்கு மட்டுமே கட்டிக் கலங்கள் உயிரோடிருந்தன. அதற்கப்பால் யாவும் பட்டுப்போயிருந்தன. உயிருள்ளவற்றுக்கும் செத்தவற்றுக்கும் இடையிலே, மூச்சுத் திணறியும் சாகாமல், ஒரு வரிசை இருக்க வேண்டும் அல்லவா? அந்த வரிசையே கதிருக்கு மிக முரடு. வாய்க்காலின் கடைசித் தோட்டத்துப் பயிர் போல வாடிக்கிடக்கும் கலம், கதிருக்கு மட்டும் வலியதாகிவிடுகிறது!

இவ்வளவும் கேட்டபின், பிரியும் கலம் சாகும், பிரியாத கலம் தப்பும் என்று முடிவுகட்டிவிடலாம் எனத் தோன்றும். அப்படி முடிவுகட்டினால் நிணநீர்க்குழியம் என்னும் வெண்குருதிக் கலம் நம்மைப் பார்த்துச் சிரிக்கும். குருதியிலே பிரியாமல் ஓய்ந்திருப்பது அது. போர்தோ விதியின்படி அது தப்ப வேண்டும். ஆனால் உடம்பிலே கதிருக்கு மிக எளிதில் மாள்பவற்றுள் அதுவும் ஒன்று. பிரியும்வரை காத்திருப்பதும் இல்லை. சில மணித்தியாலங்களிலேயே மாண்டுவிடும்.

1986 ஏப்பிரில் 26இலே செர்னோபில் அணுவுலை வெடித்தபோது, வைத்தியர்கள் இதையே கணக்குக் கோலாகவும் கொண்டார்கள். கதிர் நோய் உறுதியானவர்கள் 134 பேர். அவர்களில் 28 பேர் அவ்வாண்டுக்குள்ளேயே கதிரினால் இறந்தார்கள். யார் எவ்வளவு கதிர் பெற்றார் என்று அளக்கும் கருவி பலரிடம் இருக்கவில்லை. நிணநீர்க்குழியம் முதலிரண்டு நாட்களில் எவ்வளவு விரைவாக வீழ்ந்தது என்பதையும், அதன் நிறமூர்த்தங்களின் உருக்குலைவையும் பார்த்தே அளவைக் கணித்தார்கள். மற்றக் குருதிக் கலங்களின் வீழ்ச்சி வெவ்வேறு காலத்தில் வந்தது. முற்றிய வெண்குழியங்களும் சிறுதட்டுகளும் அடிபட்டவுடன் சாவதில்லை. அவற்றை ஈனும் என்புமச்சைக் கலங்களே மாண்டன. ஆகையால் இருப்பு முடிந்ததும், இரண்டு முதல் நான்கு வாரத்திலே பஞ்சம் வந்தது. செங்குழியமோ கருவே இல்லாதது. இழை இல்லை, அறுவதற்கும் ஒன்றுமில்லை. தன் 120 நாள் ஆயுளை ஏறக்குறைய வாழ்ந்தே முடிக்கும். ஓருடம்பின் ஒரே குருதியிலே மூன்று வேறு விதிகள்!

நிணநீர்க்குழியம் ஏன் அப்படிச் சாகிறது? அது கொல்லப்படுவதில்லை, தன்னைத்தானே முடித்துக்கொள்கிறது. கலம் ஒழுங்காகத் தன்னை மடித்துச் சுருக்கி இறக்கும் இச்செயலை 1972இலே கெர், வைலி, கறி என்னும் மூவர் விவரித்தார்கள். இழை அறுந்த செய்தி பி-53 என்னும் ஒரு புரதத்துக்கு எட்டுகிறது. அது கலத்துக்குக் கலம் வேறு தீர்ப்பு வழங்குகிறது. சில இனக் கலங்களிலே "நின்று திருத்து" என்கிறது. நிணநீர் இனத்திலே "இற" என்கிறது. கிருமிகளோடு போராடும் படையிலே பழுதான வீரன் ஒருவன் பெருகினால் நாட்டுக்கே கேடு. ஆதலால் ஐயத்துக்கு இடமானவனை வைத்திருக்காமை புத்திசாலித்தனம் என்று எனக்குத் தோன்றுகிறது. 1993இலே பி-53 அற்ற எலிகளை உண்டாக்கிப் பார்த்தபோது, அவற்றின் கழுத்துக் கீழ்ச் சுரப்பியிலுள்ள நிணநீர்க் கலங்கள் கதிர் பட்டும் சாகாமல் நின்றன. அடி அதே அடி. தீர்ப்பு வழங்குபவன் இல்லை, மரணமும் இல்லை.

இன்னும் நுணுகிப் போவோம். ஒரே இனக் கலங்கள், ஒரே கிண்ணம், ஒரே கதிர். பி-53ஐ ஒளிரச் செய்து ஒவ்வொரு கலத்தையும் தனித்தனியே படம் பிடித்தார்கள். கலித் லகாவும் ஊரி அலோனும் அவர்தம் துணைவரும் 2004இலே வெளியிட்ட ஆராய்ச்சி அது. பி-53 அலையலையாக எழுந்து தாழ்ந்தது. ஒரு கலத்தில் ஓரலை, அதன் அயலில் இரண்டு, வேறொன்றில் ஒன்றுமேயில்லை. கதிரின் அளவு கூடும்போது அலையின் உயரம் கூடவில்லை; சராசரி எண்ணிக்கையே கூடிற்று. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்கூடக் கோபத்தில் ஒருவரைப்போல் ஒருவர் இருப்பதில்லை என்று நம் வீடுகளிலே பார்க்கிறோம்.

இதுவரை கூறியவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தெளிவாகிறது. அடி பெரும்பாலும் யாவருக்கும் பொது. ஒரு கிறேக்கு இத்தனை முறிவு என்பது நரம்புக் கலத்துக்கும் நிணநீர்க்குழியத்துக்கும் அவ்வளவு வேறன்று. வேறுபடுவது, அடிபட்டபின் கலம் செய்வது. பற்றீரியாவிலே இதற்கு ஓர் உச்ச உதாரணம் உண்டு. 1956இலே, கதிர் ஊட்டித் தூய்மையாக்கிய இறைச்சித் தகரமொன்று கெட்டுப்போக, அதற்குள்ளே உயிரோடிருந்த ஒரு பற்றீரியாவைக் கண்டார்கள். மனிதரைக் கொல்லும் அளவின் ஆயிரம் மடங்கையும் அது தாங்கும். அதன் இழையும் அறுகிறது, நூற்றுக்கணக்கான துண்டுகளாக. சில மணித்தியாலத்திலே அத்துண்டுகளை ஒழுங்காகப் பொருத்திக்கொண்டு எழுந்துவிடுகிறது.

மறுபுறத்திலே ஒரு துயரமான உதாரணம். நடை தள்ளாடி, கண்ணின் வெண்விழியிலே சிவந்த நாளங்கள் தோன்றும் அரிய பரம்பரை நோய் ஒன்று உண்டு. அந்நோயுள்ள குழந்தைகள் சிலருக்குப் புற்றுநோய் வந்து, வழக்கமான அளவிலே கதிர்ச் சிகிச்சை கொடுத்தபோது, எவரும் எதிர்பாராத கொடிய காயங்கள் உண்டாயின. 1975இலே இங்கிலாந்தில் அவர்களின் தோற் கலங்களைக் கிண்ணத்திலே வளர்த்துப் பார்த்தார்கள். சாதாரணக் கலங்களிலும் மிகக் குறைந்த அளவிலே அவை மாண்டன. காரணமான பரம்பரையலகு 1995இலே கண்டுபிடிக்கப்பட்டது. இரு புரியும் அறுந்தது என்ற செய்தியைக் கலம் முழுவதும் அறிவிக்கும் புரதத்துக்குரியது அது. அறிவிப்பவன் இல்லாத வீட்டிலே கூரை எரிந்தாலும் கிணற்றடிக்கு ஒருவரும் ஓடமாட்டார்.

திருத்துவதே வேறுபாட்டின் மூலம் என்பதற்கு இன்னொரு சான்று. அல்பாத் துணிக்கை போன்ற கனத்த கதிர் சென்ற வழியெல்லாம் நெருங்கிய காயங்களை இடும். இழை ஓரிடத்திலே பல துண்டாக நொறுங்கும். அதைத் திருத்த எவராலும் இயலாது. அத்தகைய கதிரின் முன்னே, ஒட்சிசன் உண்டா இல்லையா, எந்தப் பருவம் என்ற வேறுபாடுகள் பெரும்பாலும் மறைந்துவிடுகின்றன.

இதனால் மாமிக்கு என்ன? முப்பது நாட் கணக்கு எங்கிருந்து வந்தது என்பதே விடை. 1920களிலே பாரிசில் ஆட்டுக்கடாக்களின் விதையிலே கதிர் ஊட்டினார்கள். ஒரே தடவையிலே மலடாக்க முயன்றபோது தோல் வெந்து அழிந்தது. அதைப் பல நாட்களாகப் பகிர்ந்து கொடுத்தபோது கடா மலடாயிற்று, தோலோ பிழைத்தது. ஓயாமற் பிரியும் கலக்கூட்டத்தைக் கட்டியாகவும் தோலை நல்ல சதையாகவும் கொண்டு பாருங்கள். சிகிச்சையின் சூத்திரம் கிடைத்துவிடும். காரணத்தை 1959இலே எல்கைண்ட், சற்றன் இருவரும் கிண்ணத்திலே காட்டினார்கள். ஓரளவு கதிரை இரண்டாகப் பிரித்து, இடையிலே சில மணித்தியாலம் விட்டால், கலங்கள் அவ்விடைவேளையிலே தம்மைத் திருத்திக்கொண்டு அதிகம் பிழைக்கின்றன.

நாள்தோறும் 2 கிறே. வாரத்தில் ஐந்து நாள். இரவிலே நல்ல கலங்கள் திருத்துகின்றன. கட்டியின் கலங்கள் பெரும்பாலும் அவ்வளவு நன்றாகத் திருத்துவதில்லை. நேற்று முரட்டுப் பருவத்திலே தப்பிய கலம் இன்று பிரியும் பருவத்துக்கு வந்து அகப்படுகிறது. வெளிவரிசை மாள, மூச்சுத் திணறிய உள்வரிசைக்கு ஒட்சிசன் எட்ட, அதன் முரட்டுத்தனமும் குறைகிறது. கலத்துக்குக் கலம் உள்ள வேறுபாட்டையே ஆயுதமாகக் கொண்டு செய்யும் போர் இது. ஆகையால் இடையிலே நிறுத்துவது மிகப் பொல்லாதது. தப்பி நிற்பவை பெருகும். நான்காம் வாரமளவிலே முன்னிலும் வேகமாகப் பெருகத் தொடங்கும். பாதியிலே விட்டால் வாய்ப் புண்ணின் வேதனை முழுதும் அனுபவித்ததாகும்; பயன் கைவிட்டுப் போகும். உங்கள் வீட்டிலே யாரேனும் இந்நிலையில் இருந்தால், வேதனையை வைத்தியரிடம் சொல்லுங்கள், மருந்து உண்டு, நாளைத் தவறவிடாதீர்கள். இதைச் சிகிச்சையின் முதல் நாளிலே எவரேனும் கால் மணித்தியாலம் இருந்து சொல்லியிருந்தால், எங்கள் மாமி அந்தப் பதினான்கு இரவும் அஞ்சியிருக்கமாட்டார் என்பது என் மனக்குறை.

அன்று மாலை இவ்வளவையும் மாமியிடம் நான் சொல்லவில்லை. சொன்னது இவ்வளவுதான்: "மாமி, தோட்டத்திலை புல்லுக்கும் பயிருக்கும் ஒரே மருந்துதான் அடிக்கிறம். பயிரும் வாடும். ஆனால் பயிர் இரவிலை எழும்பும், புல்லு எழும்பாது. ஒருநாள் விட்டால் புல்லும் எழும்பும்." அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பின்பு, "அப்ப நாளைக்கு எத்தனை மணிக்கு வான் வரும்?" என்று கேட்டார்.

முப்பது நாளும் போனார். முடிந்த பின்னும் இரண்டு வாரம் புண் வருத்தியது. பிறகு மெல்ல ஆறிற்று. சாப்பாட்டின் சுவை மட்டும் திரும்பவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒருநாட் காலை, கஞ்சியிலே உப்புக் கூடிவிட்டதென்று என் தாயாரை மாமி கடிந்துகொண்டார். தாயார் குசினிக்குள்ளே போய்ச் சிறிது நேரம் வெளியே வரவில்லை. வெற்றிலைத் தட்டத்தை மாமி தாமே கழுவித் துடைத்துப் பரணிலே ஏற்றிவிட்டார். முன்வரிசையிலே மடியில் வெற்றிலைப் பையோடு இருக்கும் பெரியோர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.